நூற்றொரு வயதில் தனி அடுப்பு

வென்ஜோ, ஏப்ரல் 10, 2019

அப்பாவுக்கு,

பிரஷர் பார்க்கிற கருவியை ஆற்றிலிருந்து யாராவது எடுத்தார்களா என்று தங்கை லியனிடம் போனில் கேட்டேன். வாத்து ஒன்று அதன் மேல் ஏறி நிற்கிறது என்றாள். போகட்டும்.

அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்த கையோடு, ஊரார் பார்க்க உங்கள் கையில் அந்தப் பட்டையைச் சுற்றியது என் தப்புதான். வாங்க வந்தவன் முகம் பார்க்காமல் சரக்கை விரிப்பவன் வியாபாரியே இல்லை. எண்பத்தோரு வயதில் இதை மறந்துவிட்டேன். ஆனால், "எண்பது வயசுப் பயலே, அப்பனுக்கே விலங்கு மாட்டுறியா?" என்று கத்தி, அதைப் பிய்த்து ஜன்னல் வழியாக வீசினீர்களே, அதற்கு ஒரு நொடி முன்னால் எண் விழுந்துவிட்டது. இருநூற்று நாலு.

இங்கே என் டாக்டரிடம் சொன்னேன். "யாருக்கு?" என்றார். "எங்கப்பாவுக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு அப்பா இருக்காரா?" என்றார். உங்கள் வயதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுத்து எழுதினார். காலையில் ஒரே ஒரு மாத்திரை, அரிசி மணி அளவுக்கு. அதை இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி சாங்குயி அறுபது வயதில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அவனுக்கும் யாரும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அவனும் உங்களைப் போலத்தான், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று திரிந்தான். இன்னொரு முறை அப்படி ஒரு போன் வர என்னால் தாங்க முடியாது.

சுகாதார நிலையத்துப் பெண் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து அளப்பாள். கை நீட்டுங்கள். போனில் சொல்லியிருப்பேன், நான் கத்துவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கத்துவது தெரு முழுக்கக் கேட்கும்.

சாங்ஃபா

*

ஷியாகெங், ஏப்ரல் 18

சாங்ஃபாவுக்கு,

எழுத்தைப் பெரிதாக எழுது. உன் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. நோய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் தாய்க்கு நாங்கள் ஏழு பேர். அம்மை வந்தவன் போனான். வயிற்றுப்போக்கு வந்தவள் போனாள். மலைக்காய்ச்சல் வந்தவன் மூங்கில் தெப்பத்திலேயே போனான், நான்தான் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றும் வராதவன் நான். இருக்கிறேன். இதில் உன் மாத்திரைக்கு என்ன வேலை? எமன் ஏட்டில் என் பக்கம் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறேன். அவன் புரட்டும்போது தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் என் பெயரைப் பதிந்து அவனுக்கு எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

நோய் உன் தலைமுறைக்குத்தான். உன் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேனே. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. பொத்தான் கடையை விற்று இத்தனை வருடம் ஆகியும் நீ பொத்தானை விடவில்லை.

போன பிறந்தநாளுக்கு நீ ஊர்கூட்டி நூறு கொண்டாடினாய். என் பெயர் போட்ட கிண்ணங்களை, அதில் தின்றால் ஆயுள் கூடும் என்று, வந்தவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ் டிரைவர் ரெண்டு எடுத்தான். இன்றைக்கு ஊரே என் வயதில் சோறு தின்கிறது. நீயும் ஒன்று கேட்டாய். கேட்காதே. அது விருந்தாளிக்கு மட்டும்தான். ஒரே அடுப்புச் சோறு தின்கிறவனுக்குக் கிடையாது. பானைத் தண்ணீரை மொண்டு அதே பானையில் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

அது கிடக்கட்டும். கல்லறைக்கு வந்த அன்றைக்கு நீ ஏன் சாப்பிடவில்லை? உனக்குப் பிடித்த மீன் உருண்டைச் சூப்பை லியன் வைத்தாள். ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தள்ளிவிட்டாய். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. முகம் காய்ந்த இஞ்சித்தோல் மாதிரி. எனக்குக் கண்தான் மங்கல், குருடில்லை.

அப்பா

*

வென்ஜோ, ஏப்ரல் 27

அப்பாவுக்கு,

பெரிதாக எழுதியிருக்கிறேன். தாள் அதிகம் ஆகும், பரவாயில்லை.

சாப்பிடாததற்குக் காரணம் பல்வலி. முழுக்கைச் சட்டைக்குக் காரணம் கொசு. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பொத்தான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, பிறகு கிடங்கு பிடித்த புதிதில் ஒரு வெள்ளம் வந்தது, நினைவிருக்கிறதா? தகரப் பொத்தான் அத்தனையும் துருப்பிடித்துப் போனது. துணி சுற்றிய பொத்தான் பூசணம் பூத்தது. மிஞ்சியது சிப்பிப் பொத்தான் மட்டும். அடுத்த வாரம் வந்தவனெல்லாம், "உங்க கடைச் சரக்கு ரொம்ப உறுதி, ஒண்ணுலகூடத் துரு இல்லையே" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டி விலையை ஏற்றினேன். துருப்பிடித்ததெல்லாம் கொல்லையில் குவிந்து கிடந்ததை அவன் பார்க்கவில்லை.

உங்கள் தலைமுறைக்கு நோயில்லை என்று நீங்கள் சொல்வது அந்தக் கதைதான். கொல்லையைப் பாருங்கள். உங்கள் உடன்பிறந்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். நான் உங்கள் காலத்தில் பிறந்திருந்தால் ஐம்பத்துமூன்றில் சர்க்கரை வந்தபோதே போயிருப்பேன், இல்லையென்றால் அறுபத்தாறில் இதயக் குழாய் அடைத்தபோது. இப்போது குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வயதுக்காரர்கள் சந்தை நாள் மாதிரி கூடியிருக்கிறோம். ஆளுக்கொரு பை நிறைய மாத்திரை. செத்திருக்க வேண்டியவர்களெல்லாம் சாகாமல் உட்கார்ந்து, யாருக்குச் சர்க்கரை அதிகம் என்று போட்டி போடுகிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறோம்.

"நீ தின்னே, உனக்கு வந்துது" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டீர்கள். தின்றேன். இருபத்திரண்டு வயதில் பஞ்சத்தில் மரப்பட்டையை அரைத்துத் தின்றவன், நாற்பத்தைந்தில் கையில் காசு வந்ததும் கொழுப்புப் பன்றிக்கறியைப் பார்த்துச் சும்மா இருப்பானா? கோப்பைக்குக் கோப்பை குடிக்காவிட்டால் எவன் ஆர்டர் கொடுத்தான்? அந்தக் குடியில்தான் உங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு வந்தது.

சிப்பியும் ஒருநாள் விரிசல் விடும். இருநூற்று நாலு என்றால் விரிசல்தான். அந்தப் பெண்ணை உள்ளே விட்டீர்களா?

சாங்ஃபா

*

ஷியாகெங், மே 6

சாங்ஃபாவுக்கு,

பல்வலியா? உனக்கு ஏது பல்? மேலே கீழே ரெண்டும் கட்டின பல். கட்டின பல்லுக்கு வலி வந்த அதிசயத்தை உன்னிடம்தான் கேட்கிறேன். கொசுவாம். சிங்மிங் கல்லறை நாளில், வசந்தம் பிறந்ததும் பிறக்காததுமாக, எங்கள் ஊரில் கொசு ஏது?

அந்தப் பெண் வந்தாள். நல்ல பெண். அவளுக்கு ஆறு வாத்து முட்டை கொடுத்தேன். "தாத்தா, கையக் காட்டுங்க, எண் எழுதணும்" என்றாள். "எண்தானே வேணும், உனக்குப் புடிச்ச நல்ல எண்ணா ஒண்ணு போட்டுக்கோம்மா" என்றேன். அழாத குறையாகப் போனாள்.

மாத்திரை பத்திரமாக இருக்கிறது. தின்னவில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

அப்பா

*

வென்ஜோ, ஜூன் 2

அப்பாவுக்கு,

எழுதத்தான் செய்வேன். நேற்று லியன் போன் செய்து அழுதாள்.

நீங்கள் காலைக் கஞ்சியை வாத்துக்கு ஊற்றுகிறீர்களாம். மதியம் அரைக்கிண்ணம். இரவு ஒன்றுமில்லை, "வயிறு மந்தம்" என்கிறீர்களாம். இடுப்பு நாடா முடிச்சு உள்ளே உள்ளே போகிறதாம். போன வாரம் அடுப்புப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்ததையும் சொன்னாள். உங்களைத் தூக்க அவள் ஒருத்தியால் முடியவில்லை, அவளுக்கே எழுபத்திரண்டு வயது, ரெண்டு முழங்காலும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

ஏன் என்று அவள் பிடித்து உலுக்கிக் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னாள்: "சாங்குயியத் தின்னாச்சு. இப்ப சாங்ஃபாவத் தின்னுட்டிருக்கேன். எத்தனை நாளைக்குத் தின்கிறது?"

அப்பா, இதைக் கேட்டபோது என் கையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சுவரில் அடித்தேன். அத்தனை கோபம். யார் உங்களிடம் சொன்னது? பாலத்தடியில் துணி துவைக்கிற கூட்டமா? "கிழவன் பிள்ளைங்க ஆயுசையெல்லாம் உறிஞ்சிட்டு உக்காந்திருக்கான்" என்று அவர்கள் வாயில் வந்ததையெல்லாம் பேசுவார்கள். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள், உங்கள் பெயர் போட்ட கிண்ணம் இருக்கும். உங்கள் ஆயுள் நல்லது என்று அள்ளிக்கொண்டு போனவர்களே அது திருட்டு என்கிறார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளனை நான் கடைக்குள் விடமாட்டேன்.

ஆயுள் என்ன வீட்டுக்கு ஒரு மூட்டை என்று அளந்து கொடுத்த ரேஷன் அரிசியா, நீங்கள் ஒரு கிண்ணம் கூடத் தின்றால் எனக்கு ஒரு கிண்ணம் குறைய? சாங்குயியைத் தின்றது பிரஷர். என்னைத் தின்பது சர்க்கரை. உங்களையும் தின்னப்போவது அந்த இருநூற்று நாலு. நீங்கள் பட்டினி கிடந்து அதற்கு வழி விடுகிறீர்கள். மகனுக்காகச் சாகிறேன் என்று நீங்கள் செத்தால் நான் ஒருநாள்கூடக் கூடுதலாக இருக்கப்போவதில்லை. நஷ்டம் ரெண்டு பக்கமும். இப்படி ஒரு பேரத்தை எந்த முட்டாளும் பேச மாட்டான்.

சாப்பிடுங்கள்.

சாங்ஃபா

*

ஷியாகெங், ஜூன் 11

சாங்ஃபாவுக்கு,

கிண்ணத்தை உடைத்தாயா? நல்ல கிண்ணமா?

சொல்கிறேன், கேள். சாங்குயி விழுந்த வருடம் எனக்கு வயது எண்பத்தைந்து. அந்தக் குளிர்காலம் எனக்கு மார்ச்சளி வந்து மூச்சு நின்று நின்று வந்தது. சவப்பெட்டி செய்ய ஆள் வந்து என்னை அளந்துவிட்டுப் போனான். நான் எழுந்துவிட்டேன். வசந்தத்தில் சாங்குயி போனான். என் பெட்டி இன்னும் மாடியில் இருக்கிறது, உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள் லியன். ஊர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நானே கூட்டிக் கழித்துக்கொண்டேன். நாம் பிரிக்காத வீடு. ஒரே அடுப்பு. ஒரே பானையிலிருந்து ஒருவன் அதிகம் எடுத்தால் மற்றவனுக்கு அடியில் சுரண்டல்தான்.

நீ படித்தவனைப் போலப் பேசுகிறாய். ரேஷன், பேரம், நஷ்டம். சரி. அப்படியானால் எனக்கு ஒன்றே ஒன்று சொல். கடையை விற்றுவிட்டாய். மகன் இத்தாலியில். மனைவி போய் ஆறு வருடம். உனக்கு நகரத்தில் என்ன வேலை? முன்பெல்லாம் மாதம் ரெண்டு தடவை வந்து பத்து நாள் தங்கி, என் படுக்கையில் பாதியைப் பிடித்துக்கொண்டு குறட்டை விடுவாய். போன இலையுதிர்காலத்திலிருந்து நீ இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கவில்லை. காலையில் வந்தால் மாலையில் ஓடுகிறாய், கார் வாசலில் நிற்கும்போதே.

அம்மா கல்லறையில் நீ குனிந்தபோது சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே புடலங்காய் மாதிரி ஒரு நரம்பு புடைத்து ஓடியது. அது எந்தக் கொசு கடித்தது?

உண்மையைச் சொல். சொன்னால் ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிடுகிறேன். உன் பாஷையில் இதுதான் பேரம்.

அப்பா

*

வென்ஜோ, ஜூன் 20

அப்பாவுக்கு,

என் சிறுநீரகம் ரெண்டும் நின்றுவிட்டன. சர்க்கரை தின்று முடித்துவிட்டது. போன அக்டோபரிலிருந்து திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். கையில் ஊசி குத்தி ரத்தத்தை எடுத்து, ஒரு இயந்திரத்தில் அலசி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். பாதி நாள் ஆகும். அதற்காக நரம்பைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள், அதுதான் நீங்கள் பார்த்த புடலங்காய். சூப்பைத் தள்ளியதற்குக் காரணம், நான் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். தாகம் எடுத்தால் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருப்பேன்.

சாகவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் பதினோரு வருடமாக இப்படியே ஓடுகிறார், சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றுகிறார்.

சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். சாங்குயிக்கு அப்புறம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று பார்த்தவன் நான். நோயை மறைத்தால் உங்கள் ஆயுள் கூடும் என்று நினைத்தேன். நீங்கள் பட்டினி கிடந்தால் என் ஆயுள் கூடும் என்று நினைக்கிறீர்கள். யார் பெரிய முட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக இதை நினைத்து எரிச்சலில் தூக்கமில்லை.

சரி. உங்கள் நம்பிக்கையோடு சண்டை போட்டு நான் ஜெயிக்கப்போவதில்லை. அறுபது வருடமாக ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதனால் உங்கள் கணக்கிலேயே பேசுகிறேன். ஒரே அடுப்பு என்பதுதான் உங்கள் வாதம். அப்படியானால் அடுப்பைப் பிரித்துவிடுவோம்.

முறையாகவே செய்வோம். தாய்மாமன் இல்லை, அவர் மகன் தெஷுன் இருக்கிறான், அவனைச் சாட்சியாக உட்கார வைப்போம். பழைய அடுப்பு நெருப்பை எடுத்துப் புது அடுப்பு மூட்டுவோம். அன்றிலிருந்து உங்கள் பானை வேறு, என் பானை வேறு. நீங்கள் இருநூறு வயது இருந்தாலும் என் அரிசியில் ஒரு மணி குறையாது. பிறகு மாத்திரை தின்ன உங்களுக்கு ஒரு சாக்கும் இருக்காது.

சாங்ஃபா

*

ஷியாகெங், ஜூன் 29

நீ ஒரு நாய்.

நூற்றொரு வயது அப்பனைத் தனிக்குடித்தனம் வைக்கிற மகனை இந்த ஆற்றங்கரை கண்டதில்லை. ஊர் சிரிக்கும். உன் அம்மா கல்லறையில் புரண்டு படுப்பாள்.

ஐஸ்கட்டியை அதிகம் தின்னாதே, உனக்கு நெஞ்சுச்சளி பிடிக்கிற உடம்பு.

ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிட்டேன். பேரம் பேரம்தான்.

*

ஷியாகெங், ஜூலை 14

சாங்ஃபாவுக்கு,

ரெண்டு வாரம் யோசித்தேன். லியன், "அண்ணன் சொல்றதும் சரிதானப்பா" என்றாள். அவள் எப்போதும் உன் பக்கம்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் நிபந்தனை மூன்று. முதலாவது, பழைய அடுப்பு உனக்கு. இந்த வீட்டின் அதிர்ஷ்டம் அதில்தான் இருக்கிறது. தனியாகப் போகிறவன் நான். ரெண்டாவது, இனி உன் காசில் எனக்கு ஒன்றும் வரக் கூடாது, மாத்திரையும் சேர்த்து. நூறு தாண்டினவனுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிறது, அதில் நானே வாங்கிக்கொள்வேன். நீ அனுப்பினதை லியன் திருப்பித் தருவாள். மூன்றாவது, நீ அந்த இயந்திரத்தை ஒருநாள்கூட ஏமாற்றக் கூடாது. பிரித்தபிறகு உனக்கு ஒன்று ஆனால் அதற்கு நான் காரணமில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா.

அப்பா

*

வென்ஜோ, செப்டம்பர் 24

அப்பாவுக்கு,

ஊருக்கு வந்து அடுப்பைப் பிரித்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தெஷுன் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது காதிலேயே நிற்கிறது: "எத்தனையோ வீடு பிரிச்சு வெச்சிருக்கேன், மச்சான். மகன் மூட்டையத் தூக்கிட்டுப் போவான், அப்பன் வாசல்ல நின்னு மூக்கச் சிந்துவான். இங்கே அப்பன் மூட்டையத் தூக்கறாரு, மகன் மூக்கச் சிந்தறான். உங்க வீட்ல எல்லாமே தலைகீழ்." சிந்தினேன்தான். இரும்புக் கரண்டியில் தணலை எடுத்துக்கொண்டு, யாரையும் தொட விடாமல், முற்றத்தைத் தாண்டி அந்த ஓரத்து அறைக்கு நீங்கள் நடந்தீர்களே. கரண்டி ஆடிய ஆட்டத்தில் எந்தத் தணல் உங்கள் காலில் விழுமோ என்று எனக்கு உயிரே இல்லை. அந்த மண் அடுப்பை ஊதி நீங்களே பற்றவைத்துவிட்டுத் திரும்பி, "இப்ப நீ யாரு?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகும் விட்டீர்களா? பழக்கதோஷத்தில் லியன் பெரிய அடுப்பில் வைத்த சோற்றை உங்களுக்குக் கொண்டுவந்தாளாம், நீங்கள் அவளை வாசலோடு துரத்தினீர்களாம். நடு இலையுதிர் நாளுக்கு நான் அனுப்பிய நிலாக்கேக்கை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். "வேற வீட்டுப் பலகாரம் எனக்கெதுக்குன்னு சொல்லச் சொன்னாரு" என்று டிரைவர் பல்லைக் காட்டுகிறான். எனக்கோ சர்க்கரை, அதைத் தின்னவும் முடியாது. ஆஸ்பத்திரி நர்ஸுகள் தின்றார்கள்.

மாத்திரைக்காகத்தான் இத்தனை கூத்தும். தின்கிறீர்களா இல்லையா? அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். லியனைக் கேட்டால், "அது அவர் வீட்டு விஷயம், அண்ணே" என்கிறாள். அவளுக்கும் உங்கள் நாக்கு வந்துவிட்டது.

சாங்ஃபா

*

ஷியாகெங், டிசம்பர் 15

சாங்ஃபாவுக்கு,

நீண்ட நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால் இல்லை. முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

தின்கிறேன். அடுப்புப் பிரித்த மறுநாள் காலையிலிருந்து. முதல் வாரம் கால் தரையில் படாத மாதிரி இருந்தது, விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விடவில்லை. வாத்து முட்டைக்காரி, அதுதான் சுகாதார நிலையத்துப் பெண், வாரம் ஒருமுறை வருகிறாள். இந்த வாரம் நூற்று ஐம்பத்திரண்டு என்றாள். "நீயே போட்ட நல்ல எண்ணா?" என்றேன். "சத்தியமா இல்ல தாத்தா" என்றாள். எனக்கு இன்னும் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் சொன்னாள். இதயம் வீங்கியிருக்கிறதாம். கண்ணில் புரை. எலும்பு சல்லடை. ஆக, உன் பேச்சுதான் சரி. நோயில்லாத தலைமுறை என்று ஒன்றுமில்லை. யாரும் வந்து தட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமா?

உனக்காகத் தின்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பேச்சைக் கேட்டும் தின்னவில்லை. நீ பெரிய வியாபாரி. அடுப்பைப் பிரித்துக் கிழவனை மடக்கிவிட்டோம் என்று நினைத்தாய். நான் அந்த ரெண்டு வாரம் என்ன யோசித்தேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நம் சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம், அதாவது ஜனவரியில், என் பிறந்தநாள் வருகிறது. அதுவரை நான் உயிரோடு இருந்தாக வேண்டும், அதற்குத்தான் மாத்திரை. இந்த வருடம் நீ ஒன்றும் செலவு செய்ய வேண்டாம். என் வீட்டில், என் அடுப்பில், என் காசில் விருந்து. லியனும் தெஷுனும் உதவிக்கு. ஊரைக் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் போன தடவை கொடுத்தாகிவிட்டது.

நீ வா. பின்பக்கக் கதவு வழியாக, "அப்பா, என்ன இருக்கு?" என்று அடுப்படிக்குள் நுழையாதே. முன்வாசலில் நின்று கூப்பிடு. கையில் ஏதாவது கொண்டுவா, வெறுங்கையோடு வருவது மரியாதையில்லை. விருந்தாளி மேஜையில் உட்கார்.

நீ இப்போது வேறு அடுப்புக்காரன். விருந்தாளி. விருந்தாளிக்குக் கிண்ணம் உண்டு. போன தடவை நீ கேட்டாய், கொடுக்க வழியில்லாமல் இருந்தது. இப்போது வழி இருக்கிறது. ஒரே ஒரு கிண்ணம்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நாள் பார்த்துவிட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. உன் இயந்திரம் இல்லை.

அப்பா

*

வென்ஜோ, டிசம்பர் 23

அப்பாவுக்கு,

நாற்பது வருடம் வியாபாரம் செய்தேன். வடக்கத்தியான், தெற்கத்தியான், வெள்ளைக்காரன் எல்லோரிடமும் பேரம் பேசினேன். என்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை. கடிதத்தை இயந்திரத்தில் கிடக்கும்போது படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "என்னய்யா, ஊசி வலிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

இந்த நம்பிக்கை எல்லாம் பொய் என்று நான் எழுதியதில் ஒரு வரியையும் வாபஸ் வாங்கவில்லை. நீங்கள் எனக்கு எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது, நான் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. விடாமல் சொல்கிறேன், நீங்கள் விடாமல் கேட்கப்போவதில்லை. அது போகட்டும்.

பிறந்தநாளன்று செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன். முன்வாசலில் நின்று கூப்பிடுகிறேன். உங்களுக்குக் காது கேட்காது, லியனை வாசலில் நிற்க வைத்திருங்கள். வெறுங்கையோடு வரமாட்டேன். ஆற்றில் போட்டதற்குப் பதில் புதிய கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். வேறு வீட்டுக்காரன் கொண்டுவருகிற பிறந்தநாள் பரிசு, ஜன்னல் வழியாக வீசினால் மரியாதையில்லை.

கிண்ணத்துக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டதா? இன்னும் சூளையில் வைக்கவில்லை என்றால் சின்னதாகச் செய்யச் சொல்லுங்கள், தேநீர்க் கிண்ணம் அளவுக்கு. டாக்டர் வைத்த அளவு எனக்கு அவ்வளவுதான். மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சாங்ஃபா